பாதி மலையில் அம்மா

தாம்பரத்தில் கோவளம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் காலிக் கூடைகளோடு இரண்டு மீன்காரப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

“பர்வத மலைல அம்மாவ பாதில உக்கார வெச்சிட்டு நாங்க சாமி பாக்கப் போய்ட்டோம்க்கா.”

“ஏண்டி?”

“தம்பி பொழைச்சா மலை ஏத்தறேன்னு வேண்டிக்கினது அம்மாதான். நோவுல கெடந்து எழுந்தவனாச்சே, ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கினு ஏறினோம். அம்மாக்கு மூச்சு வாங்கிச்சு. ‘நீ அவன இட்டுக்கினு போ, நான் இங்க குந்தினு கீறேன்’னுச்சு.”

“அப்பறம்?”

“எறங்கி வந்தா பாறைல சாஞ்சிக்கினு கீது. தூங்குதுன்னு தம்பி தோள தொட்டான். சில்லுன்னு கீது.”

மூத்தவள் கூடையைக் கீழே வைத்தாள்.

“அவன்தான்க்கா முதுவுல சுமந்துக்கினு எறங்கினான். ரெண்டு வாட்டி வுழுந்தான். என்கிட்ட குடுக்கல.”

“இப்ப எப்டி கீறான்?”

“நல்லாகீறான்க்கா. அதான் அவனால தாங்க முடியல.”