மாமா இன்னும் சம்மதிக்காத அப்டேட்

ஹலோ… நான்தான். கடை லேண்ட்லைன்லேர்ந்து… ஒண்ணும் ஆகல, பதறாத. கல்யாணத்துக்கு முந்தி, அந்த பஸ் ஸ்டாப்புல நின்னு நீ என்ன சொன்ன? "எங்கப்பா செல்ஃபோன் கடையில வேலை, எங்க வீட்ல ஜாகை, ஆறே மாசம்"ன்ன. "ஆறு மாசம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்"னு நான் சொன்னேன்… ஆமா, ஆமா. நாலு வருஷம். கண்ணு இன்னும் மூடித்தான் இருக்கு.

என் செல்ஃபோனா? அப்டேட் ஆகிட்டிருக்கு… ஆமா. நானேதான் அமுக்கினேன்… உங்கப்பாகிட்டயா? கேக்கல.

கத்தாத, கேளு. காலையில ஒருத்தர் வந்தார். தன் ஃபோனுக்கு மட்டும் ஏன் புது வெர்ஷன் வரலன்னு கேட்டார். வழக்கம்போல ஒப்பிச்சேன். சிஸ்டம் எழுதறது ஒருத்தன். ஃபோன் கம்பெனி அதை வாங்கி, தன் ஒவ்வொரு மாடலுக்கும் தகுந்த மாதிரி மாத்தி, சோதிச்சு, கொஞ்சம் கொஞ்சம் பேருக்கா அனுப்புவான். உங்க முறை வரும், பொறுங்கன்னு… ம். அவர் என் ஃபோனை எட்டிப் பார்த்துட்டார். "என்னோடதே வெர்ஷன் பதிமூணு. உங்களோடது பதினொண்ணுதானா? விக்கிறவருக்கே வரலையா?"ன்னார்… சிரி, சிரி.

எனக்கு எப்பவோ வந்தாச்சுடி. ரெண்டு வருஷமா தினம் "போடவா, போடவா"ன்னு கேக்குது. உங்கப்பா முதல்ல தன் ஃபோன்ல போட்டு, ஒரு மாசம் பார்த்து, சரின்னாத்தானே வீட்ல மத்தவங்க தொடலாம்? அவர் போடவே இல்ல… தெரியும். என் நல்லதுக்குத்தான். குளிக்கற சோப்புலேர்ந்து போடற சட்டை வரைக்கும் எல்லாம் என் நல்லதுக்குத்தான்.

…நிறுத்தறதா? பாதியில நிறுத்தினா ஃபோன் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அறுபத்தெட்டு சதவீதம்… இரு, இரு. கார் சத்தம்.

வாங்க மாமா… கஸ்டமர் இல்ல மாமா, உங்க பொண்ணுதான்.

ஹலோ, வெச்சிடாத… ம், எதிர்லதான். என் ஃபோனைக் கையில எடுத்துட்டார்… பார்க்கறார்… இல்ல, சாயங்காலம் பேசிக்கலாம்னு தள்ள வேணாம். சாயங்காலம் சாயங்காலம்னுதான் நாலு வருஷம் ஆச்சு. அவரும் கேக்கட்டும். அந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, மாடியில, ரெண்டு ரூம் காலியா இருக்கு. நாம தனியாப் போயிடலாம்… வர்றியா?