மினோருவின் பெயர்

நவம்பர் 17, திங்கள்.

நேற்று காவல்துறையினரிடம் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். தெப்பெய் மேடையில் மண்டியிட்டது நாலு பத்துக்கு என்றேன். மாலை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் பார்த்தால் நாலு பதினான்கு வருகிறது. எதையும் முதல் தடவையே சரியாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் மற்றதையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தெப்பெய் மூன்று வருடமாக இந்த மாலைப் பள்ளியில் என் பக்கத்து மேஜை. ராப் பாடுவான். கோயென்ஜி வட்டாரத்தில் ஒரு நிலவறை கிளப், எண்பது பேர் நின்றால் மூச்சுமுட்டும். அங்கே ஞாயிறு பிற்பகல்களில் அவன் நிகழ்ச்சி. நான் வாசல் மேஜையில் இருப்பேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் யாரைப் பார்க்க வந்தார் என்று கேட்டு, அந்தப் பாடகரின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். கோடு குறைந்தால் அடுத்த முறை மேடை கிடையாது. கோடைக்காலம் வரை தெப்பெய்க்கு ஏழெட்டுக் கோடு விழுந்தாலே அதிகம்.

என் தம்பி மினோரு நாலு வயதில் குளியல் தொட்டியில் மூழ்கிப்போனான். பார்த்துக்கொள்ளச் சொன்னது பத்து வயதான என்னை. நான் பக்கத்து அறையில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தேன். இதை நாட்குறிப்பில் மட்டும் எழுதி, ஒரே ஒருவனுக்குப் படிக்கக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் அது தெப்பெய்யின் பாட்டாக மேடைக்கு வந்தது. பெயர், தொட்டியில் மிதந்த மஞ்சள் வாளி, எல்லாம் இருந்தன. மினோரு மட்டும் தெப்பெய்யின் தம்பியாகியிருந்தான். கடைசிப் பத்தியில் தெப்பெய் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மண்டியிடுவான். கூட்டம் கைகளை உயர்த்தி மினோரு, மினோரு என்று கத்தும்.

கேட்டேன். சிரித்தான்.

“டேய் முரோயி, நீ அவனை நோட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்தே. இப்ப எண்பது பேரு அவனுக்காக அழுறாங்க. சந்தோஷப்படேண்டா.”

“அவன் என் தம்பிடா.”

“மேடையேறிச் சொல்லேன். எவன் நம்புறான்னு பாப்போம். நாலு பேரைக் கண்டாலே உனக்கு வாய் ஒட்டிக்கும்.”

அது உண்மைதான். எனக்குக் கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கைதட்டலுக்காக யாரும் மினோருவின் பெயரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

தெப்பெய்க்குச் சொபா ஆகாது. நூடுல்ஸ் செய்கிற அந்தத் தானியம் கொஞ்சம் உள்ளே போனாலே சில நிமிடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். மேடையில் குடிக்க வறுத்த பார்லித் தேநீரை நான்தான் குடுவையில் ஊற்றித் தருவேன். நேற்று ஊற்றியது சொபாத் தேநீர்; நிறமும் வறுத்த வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். அவசர ஊசி இருந்த அவன் பையை, கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று சொல்லி ரயில் நிலைய லாக்கரில் வைத்தேன்.

“தெப்பெய்யைப் பார்க்கத்தான். தம்பி பாட்டு இருக்குல்ல? ரெண்டு கர்ச்சீஃப் எடுத்துட்டு வந்திருக்கேன்,” என்றாள் வாசலில் ஒரு பெண். கோடு போட்டேன். நாற்பத்தொன்று.

கடைசிப் பாட்டுக்கு முன் பாதிக் குடுவையைக் குடித்தான். மண்டியிட வேண்டிய வரிக்கு முன்பே மண்டியிட்டான். மைக் விழுந்தது. கைகள் உயர்ந்தன. அவர்கள் என் தம்பியின் பெயரை அவ்வளவு சத்தமாக அதுவரை கத்தியதில்லை. அது நடிப்பில்லை என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். விளக்கைப் போடச் சொல்லியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ விளக்கைப் போட ஆறு நிமிடம் ஆனது.

ஆம்புலன்ஸில் இறந்தான். தேநீர் மாறிப்போனது என்று காவல்துறையினரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மாறவில்லை, நான்தான் மாற்றினேன்.

இன்று கிளப் முதலாளி ஒகிதா அழைத்தார்.

“ஞாயித்துக்கிழமை அவனுக்கு அஞ்சலி நிகழ்ச்சி வைக்கிறோம்பா. தம்பி பாட்டை யாராவது பாடணும். உனக்குத்தான் வரியெல்லாம் தெரியும்.”

தெரியும் என்றேன். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன்.

நாளை: வேலை முடிந்ததும் பாட்டின் இரண்டாம் பத்தியை இருபது முறை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும்.