மின்கோ இறந்த முப்பத்தைந்து நிமிடங்கள்

நோயுற்ற நாய்களின் நாடி பார்த்தே நரை கண்டவரும், இன்றைய அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான விலங்கு மருத்துவர் இலியானா அம்மையார் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் ரூசே நகரத்துப் பெரியவர்களே, பெற்ற பிள்ளைகள் பெரிய நகரங்களுக்குப் போய்விட்ட பிறகு நாய்க்குட்டிகளை மடியில் வளர்க்கும் தாய்மார்களே, தன்யூப் ஆற்றங்கரையெங்கும் ஒரு தொட்டி, ஒரு மேசை, ஒரு கத்தரி என்று கடை நடத்திக் கை காய்த்துப்போன என் தொழில் தோழர்களே, உங்கள் அனைவரையும் ஸ்லாத்கா என்னும் நான் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நாய்களுக்கு முடி வெட்டும் கடையைச் சொந்தமாய் நடத்தித் தழைப்பது எப்படி என்று பேச அழைத்தீர்கள். பதினான்கு ஆண்டு அனுபவத்தைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதியதை நேற்றுக் காலை கிழித்துப் போட்டேன். தழைத்த கதையைச் சொல்வதற்கு முன் அது எதன்மேல் தழைத்தது என்று சொல்ல வேண்டாமா? செடியைக் காட்டுகிறவள் அதன் அடியில் புதைத்ததை மறைக்கலாமா?

அதோ, மூன்றாம் வரிசையில் என்னோடு ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த பென்கா கையை ஆட்டுகிறாள். "விடு ஸ்லாத்கா, இங்க வேணாம்" என்கிறாள். வேறு எங்கே பென்கா? கத்தரி பிடித்துப் பழகாதவர்களிடமா நான் இதைச் சொல்ல?

அன்னை மரியாளின் ஆகஸ்ட் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு. இந்த ஊரில் ஆகஸ்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளிகள் வருவதற்குள் எல்லோருக்கும் நாய் மணக்க வேண்டும், மினுங்க வேண்டும். பென்காவின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், அவள் வரவில்லை. பாதிப் பேரை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருத்தியாய் நின்று பதினோரு நாய்களை ஏற்றுக்கொண்டேன். முடியாது என்று சொல்லத் தெரியாததைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பதினோரு நாய்களில் ஒன்று மின்கோ. பக் இனம், சப்பை மூக்கு, சுருங்கிய நெற்றி, மூச்சு விட்டால் அடுத்த அறைக்குக் கேட்கும். ஆற்றில் சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற ஸ்தாமென் அண்ணன் அதை வளர்த்தார். மனைவியை இழந்தவர். காலையில் அதைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார்.

"நகத்தக் கொஞ்சம் பாத்து வெட்டு. போன தடவ நீ வெட்டினதுக்கு மூணு நாள் என்கிட்ட மூஞ்சத் தூக்கி வச்சிருந்தான்."

"உங்க மேலதானே கோவம்? என்னைப் பாத்தா வாலாட்டுறானே அண்ணே."

"அவன் ஒரு துரோகி" என்று சொல்லி, அதன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

குளிப்பாட்டினேன், துவட்டினேன். பிறகு உலர்த்தும் கூண்டில் விட்டேன். தோழர்களே, அந்தக் கூண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் சூடான காற்று வரும். நேரம் வைத்தால் தானாக நிற்க வேண்டும். என் கூண்டு ஒரு மாதமாகச் சில நாள் நின்றது, சில நாள் நிற்கவில்லை. தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரியும். திருநாள் கழியட்டும், பழுது பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். சப்பை மூக்கு நாயைச் சூட்டில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். ஏழே நிமிடம்தானே என்று வைத்தேன்.

அந்த நேரத்தில் ஆடு காக்கும் இனத்துப் பெரிய ஆட்டு நாய் ஒன்று வந்தது. வயிற்று முடியெல்லாம் சிக்குப் பிடித்துப் பாயாக ஒட்டியிருந்தது. தோல் கிழியாமல் அதை வெட்டியெடுக்கக் குனிந்தேன். குனிந்தவள் நிமிர்ந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது, கூண்டு அன்று நிற்கவில்லை.

கதவைத் திறந்தேன். மின்கோ பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு கருநீலம். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினேன். ஈரத் துண்டில் சுற்றி, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, இரண்டு தெரு ஓடினேன். ஓடிச் சேர்ந்தது எங்கே தெரியுமா? இதோ, இங்கே தலைமை தாங்கும் இந்த அம்மையாரின் மேசைக்கு. அவர் ஸ்டெதாஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டார், எடுத்தார்.

"சூடு. வேற ஒண்ணும் இல்ல. அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன் டாக்டர்."

அம்மையாரே, அன்று நான் சொல்லவில்லை. சொன்னதாக நீங்கள் நம்பினீர்கள். அதற்காக இந்த அவையின் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஐந்து மணிக்கு ஸ்தாமென் அண்ணன் கடைக்கு வந்தார். கழுத்துப்பட்டையைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்தார். துண்டில் சுற்றியிருந்ததைப் பார்த்தார். அப்போது என் வாயிலிருந்து வந்தது என்ன? "திடீர்னு நெஞ்சு நின்னுடுச்சு அண்ணே. வயசாயிடுச்சில்ல." அழுதுகொண்டே சொன்னேன். அழுகை உண்மை, சொல் பொய். உண்மையான அழுகையோடு சொன்னதால் அந்தப் பொய்யை அவர் நம்பினார்.

நம்பியவர் என்ன செய்தார்? என் தோளைத் தட்டினார். "அழாதம்மா. யாருமில்லாத இடத்துல போகல, தெரிஞ்ச கையில போயிருக்கான்" என்றார். ஆற்றங்கரை முசுக்கொட்டை மரத்தடியில் புதைத்தார். நாற்பதாம் நாள், இறந்த மனிதருக்குச் செய்வதுபோல் கோதுமையை அவித்துச் சர்க்கரை தூவி, ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் எதிரில் நின்று தின்றேன். எப்படித் தொண்டையில் இறங்கியது என்று கேட்காதீர்கள். இறங்கியது.

அத்தோடு முடிந்ததா? மீன் சந்தையில், மருந்துக் கடையில், தேவாலய வாசலில், பார்த்தவரிடமெல்லாம் பேசினார். "என் நாய்க்காக அப்படி அழுதா அந்தப் பொண்ணு. உங்க நாய அங்கயே கொண்டுபோங்க." கொண்டுவந்தார்கள். என் கடை நிறைந்தது. தழைத்த கதை கேட்டீர்களே, இதுதான் அந்தக் கதை.

குளிர்காலத்தில் அந்த மனிதர் மெலிந்தார். மார்ச் மாதம் ஒரு நாள் கடை வாசலில் நின்றார். புதிதாக ஒரு குட்டி வளர்க்கலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு எதுக்கும்மா இன்னொரு உசிரு? அன்னிக்குக் காலையில தொத்திறைச்சி ஒரு துண்டு குடுத்தேன். கொழுப்பு. டாக்டர் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. கெஞ்சினான், குடுத்துட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

ஏழு மாதம். தினமும் அந்த ஒரு துண்டை நினைத்து அந்த மனிதர் உறங்காமல் கிடந்திருக்கிறார். நான் கொன்ற நாயின் பழியை அவர் சுமந்திருக்கிறார். நாயைக் கொன்றது அசட்டை. மனிதரை அணு அணுவாகக் கொன்றது யார்? என் நாக்கு அல்லவா?

அன்று நண்பகலிலேயே கடையைப் பூட்டினேன். அவர் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். கூண்டு, பழுது, ஆட்டு நாய், டாக்டர். கடைசிவரை கேட்டார்.

"எத்தன நிமிஷம்?"

"முப்பத்தஞ்சு."

"குரைச்சானா?"

"காத்துச் சத்தத்துல எனக்குக் கேக்கல அண்ணே."

"அப்ப குரைச்சிருக்கான்" என்றார். மேசை விரிப்பை நீவிவிட்டார். பிறகு, "எந்திரிச்சு வந்து கதவத் தொறக்க எனக்குத் தெம்பு இல்ல. நீயே தொறந்துட்டுப் போ" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. இரண்டு ஆண்டாகிறது. மன்னித்துவிட்டாரா என்று அங்கே ஒரு தாய் கேட்கிறார். இல்லை அம்மா. மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் தகுதியும் எனக்கில்லை. ஊரில் சொன்னார், சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். வந்தவர்களில் பாதிப் பேர் போனார்கள். ஒரு காலை கடைக் கதவில் "கொலைகாரி" என்று சாயத்தில் எழுதியிருந்தது. துடைத்துவிட்டுத்தான் திறந்தேன். கூண்டைப் பெயர்த்தெடுத்துச் சுத்தியலால் உடைத்தேன். ஒரு நாளைக்கு நான்கு நாய், அதற்கு மேல் இல்லை. துண்டாலும் கையாலும் உலர்த்துகிறேன். இப்படித்தான் கடை நடக்கிறது, நொண்டி நொண்டி.

தோழர்களே, உங்களில் எத்தனை பேர் கடையில் நின்றும் நிற்காமலும் ஓடும் ஒரு கருவி இருக்கிறது? கை தூக்க வேண்டாம். எத்தனை பேர் "ஏழே நிமிடம்தானே" என்று இந்த வாரம் நினைத்தீர்கள்? நம்மிடம் வரும் உயிருக்கு வாய் உண்டு, வார்த்தை இல்லை. சுடுகிறது என்று சொல்லாது. விட்டுவிடு என்று கெஞ்சாது. நம் கண் விலகினால் அதற்கு வேறு கண் இல்லை. நம் காது விலகினால் அதற்கு வேறு காது இல்லை. பழுதை மறைக்காதீர்கள். பழுதால் விளைந்ததை மறைக்கவே மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்தது மறைந்துபோகாது. உங்களை நம்பிய ஒருவரின் நெஞ்சில் போய்க் குடியேறும்.

சென்ற வசந்தத்தில் ஸ்தாமென் அண்ணன் ஒரு பெண் குட்டி வாங்கினார். அதே சப்பை மூக்கு. என் கடை வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போகிறார், என் பக்கம் திரும்பாமல், தெருக்கோடியில் இருக்கும் மற்றக் கடைக்கு. அந்தக் கடைக்காரி இந்த அவையில்தான் இருக்கிறாள். அவள் சொன்னாள்: குட்டியை விட்டுவிட்டு அவர் வெளியே போவதில்லையாம். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கடைசி முடி உலரும்வரை கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாராம்.

தோழியே, அவருக்கு அந்த முக்காலியை என்றைக்கும் மறுக்காதே.

பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், கைதட்டாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.