கௌதம் பார்த்த குமிழி

— மெதுவாப் பேசும்மா தீபிகா. ஷெட்டுக்குப் போற ரயில் சத்தம் நின்னுட்டு. உள்ள அவியளுக்குக் கேட்டுரும்.

— அங்கிளுக்கு இன்னுமா தெரியாது ஆன்ட்டி? கௌதம் போய் எட்டு மாசம் ஆச்சே.

— அவிய நெஞ்சுவலின்னு ஐசியூல கெடக்கும்போதுல்லா எம்புள்ள வண்டில அடிபட்டான். அவிய கண்ணு முழிக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. அதிர்ச்சியா எதுவுஞ் சொல்லாதியன்னாவ டாக்டர். புனேல வேலை, டெலஸ்கோப் பக்கத்துல போன் பேசக் கூடாதாம்னு சொல்லி வச்சிருக்கேன். வாரம் ஒரு மெயில் நானே எழுதி நானே வாசிக்கேன்.

— நான் அவனோட நோட்டு கேட்டு வந்தேன். அதோட உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். டெலஸ்கோப் எடுத்த விண்வெளிப் படத்துல மங்கலா ஒரு பொட்டு இருந்துச்சு. பழைய ஜெட் ஊதின குமிழின்னு அவன் சொன்னான். டேட்டா கோளாறுன்னு நான்தான் எங்க ஆராய்ச்சிக் கட்டுரைலேர்ந்து எடுக்க வச்சேன். போன மாசம் புது டேட்டா வந்துச்சு. அவன் சொன்ன எடத்துலயே அது இருக்கு.

— அன்னைக்கு அவன் சாப்பிடாமப் படுத்தான். கேட்டேன், சொல்லல.

— என்னாலதான் ஆன்ட்டி.

— நோட்டு மாடில இருக்கு, எடுத்துட்டு வாரேன். நீ உள்ள போய்ப் பேசிட்டு இரு. கௌதம் நல்லாருக்கான்னு சொல்லு தாயி.

— வாம்மா, குந்து. கௌதமோட படிச்ச பொண்ணா நீ?

— ஆமா அங்கிள். அவன் நல்லா இருக்கான். வேலைதான் ஜாஸ்தி.

— அந்த வேலை இன்னான்னுதான் சொல்லேன். பாக்டரில லேத்து ஓட்னவன் நானு. மெல்ல சொன்னா புரியும்.

— ஆயிரம் கேலக்ஸி ஒரே கூட்டமா இருக்கும் அங்கிள். ஊடால பல கோடி டிகிரி சூட்டுல வாயு நிரம்பியிருக்கும். நடு கேலக்ஸில இருக்கிற கருந்துளை பக்கத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் ஜெட் பீச்சும். அது வாயுவை ஒதுக்கிட்டு பெரிய குமிழியா ஊதும். பீச்சறது நின்னு கோடிக்கணக்கான வருஷம் ஆனாலும் குமிழி இருக்கும். கௌதம் அப்படி ஒண்ணைக் கண்டுபிடிச்சான்.

— நின்னு போச்சுன்னா வாயு வந்து அந்த எடத்த அடைச்சிக்காதா?

— அடைச்சுக்கும். ரொம்ப காலம் ஆகும்.

— நீதானே அத தப்புன்னு சொன்னது?

— சொன்னானா உங்ககிட்ட?

— சொன்னான். உம்மேல கோவமாத்தான் இருந்தான். நான் பொய் சொல்ல மாட்டேன்.

— அவன் ஊருக்கு வந்ததும் நேர்ல மன்னிப்பு கேக்கணும் அங்கிள்.

— எப்டிமா கேப்ப?

— அங்கிள்...

— எம்பொண்டாட்டி ஞானம் படிக்கிற மெயில்ல 'அன்புள்ள அப்பா'ன்னு வருது. எம்புள்ள என்னை நைனான்னுதான் கூப்டுவான். மொத மெயில்லயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அத எழுதிகினு கீறதாலதான் அவ ஒடிஞ்சி போவாம கீறா. தோ, படில எறங்கி வரா. அவகைல சொல்லிடாதம்மா.