ஒரே தட்டு

டீ கொஞ்சம் ஆறட்டும் இன்ஸ்பெக்டரம்மா, நான் எதையும் சூடாகக் குடிப்பதில்லை. சூடு என்றாலே எனக்கு ஆகாது. என் மச்சான் ராஜாக்கண்ணுவைக் கேட்டால் சொல்வார். இப்போது கேட்க முடியாது, அது வேறு விஷயம்.

மச்சான் என்றால் என் மனைவி ஈஸ்வரியின் அண்ணன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ஒடுகத்தூரில் ஒரே கடையில் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வாங்கினோம். பேரப்பிள்ளைகளோடு பேசத்தான். ஆனால் அதன் மூளை இருக்கிறதே, ப்ராசஸர் என்கிற சில்லு, அது எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று திரையிலேயே பார்க்கலாம். மச்சான் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்களுக்குள் போட்டி. சாயங்காலமானால் ஆளுக்கொரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவோம். யாருடையது குறைவோ அவர் ஜெயித்தவர்.

தினமும் அவர்தான் ஜெயித்தார்.

ஒடுகத்தூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காக்கை முட்டையிட்டால் ஆம்லெட்டாகத்தான் தரையிறங்கும். அதனால் வீட்டை விற்றுவிட்டு ஜவ்வாது மலைக்குக் குடிவந்தேன். ஈஸ்வரியிடம் மூச்சுத் தொந்தரவு என்று சொல்லிவைத்தேன். அங்கேயும் என் கம்ப்யூட்டர் விசிறி போட்ட சத்தத்தில், பஸ் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு முத்தம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவாள். ஒருமுறை இல்லை, நூறுமுறை. இருந்தாலும் மலைக்காற்றில் ஒரு வாரம் நான் ஜெயித்தேன். அந்த வாரம் ஈஸ்வரி என்னைப் பார்த்த பார்வையே வேறு. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் மச்சானின் போட்டோ வந்தது. இருபது டிகிரி குறைவு. ப்ராசஸரின் உலோக மூடியையே பெயர்த்துவிட்டாராம். மூடிக்கும் சில்லுக்கும் நடுவே காய்ந்து கிடக்கும் பசையைச் சுரண்டிவிட்டு, பாதரசம் போலப் பளபளக்கும் ஓர் உலோகக் குழம்பைத் தடவினால் சூடு அப்படியே இறங்கிவிடும். படத்துக்குக் கீழே, ‘இன்னா மாப்ள, உன் அடுப்ப இன்னும் அணைக்கலியா?’ என்று எழுதியிருந்தார். குடும்பமே சிரிப்புப் பொம்மை போட்டது. அதில் ஒரு பொம்மை ஈஸ்வரியுடையது.

என்னுடையதையும் பெயர்த்துத் தருகிறேன் என்று அவரே மிச்சமிருந்த உலோகக் குழம்போடு பஸ் ஏறி மலைக்கு வந்தார். ப்ராசஸரைக் கழற்றி, வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் இறுக்கினார். மூடியின் விளிம்பில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, ஈஸ்வரி புளி தட்டுகிற மரச்சுத்தியல், அந்தக் கொட்டாப்புளியைக் கையில் எடுத்தார்.

“மெல்லத் தட்டுங்க மச்சான்.”

“மெல்லத் தட்றதுக்கு இது இன்னா கொழந்த முதுகா? ஒரே தட்டு, பாரு.”

ஒரே தட்டுதான். மூடி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. கூடவே சில்லு இரண்டாகப் பிளந்தது. மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“போவட்டும் வுடு மாப்ள. மல மேல இருக்கறவனுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு? வூட்ல குந்திகினு புளி தட்டு.”

“அண்ணன் சொல்றதும் சரிதாங்க,” என்றாள் ஈஸ்வரி.

நான் கோபப்படவில்லை. உட்கார வைத்துச் சோறு போட்டேன். இரண்டாம் முறை கேட்டுக் கேட்டுக் கறி வைத்தேன். சாப்பிடும்போது அவர்தான் சொன்னார்: “மிச்சம் இருக்கற அந்தக் கொழம்ப அலுமினியத்துல மட்டும் பட வுட்றாத மாப்ள. உள்ள எறங்கிச்சின்னா பிஸ்கட்டாட்டம் நொறுங்கிடும்.” எனக்குத் தெரியாத விஷயம். நல்லதை யார் சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் வீட்டு ஏணி அலுமினியம்.

மச்சான் மலைக்கு வந்தால் புளி இல்லாமல் திரும்பமாட்டார். அதையும் தானே ஏறி உலுக்கினால்தான் அவருக்குத் திருப்தி. எங்கள் மரம் பாறையை ஒட்டி நிற்கிறது. மதியம் அவர் குறட்டை விட்டபோது மிச்சக் குழம்பை மேல்படிகளில் தடவினேன். மறுநாள் காலையில் நானே ஏணியைச் சாத்தினேன். பெரியவர் ஏறினால் சின்னவர் கீழே நின்று பிடிப்பதுதானே மரியாதை.

“கெட்டியாப் புடிச்சிக்க மாப்ள.”

கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். பிஸ்கட் என்று அவர் சொன்னதில் கொஞ்சமும் பொய் இல்லை. பாறையில் முதலில் பட்டது தலை. காதோரம் கிழிந்து ரத்தம் கொட்டியது, ஆனால் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. என்னைத்தான் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். எந்த வேலையையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. கொட்டாப்புளியை எடுத்தேன். அது எப்படி அங்கே இருந்தது என்று கேட்பீர்கள். ஏணியைக் கொண்டுவந்தபோதே அதையும் கொண்டுவந்திருந்தேன்.

ஒரே தட்டு போதும் என்றுதான் நினைத்தேன். அவருக்கு வந்த கை எனக்கு வரவில்லை. தோள் வலிக்கும்வரை தட்ட வேண்டியிருந்தது. மூடி பெயர்ந்ததும் குனிந்து உள்ளே பார்த்தேன். அத்தனை கெட்டிக்காரத்தனத்துக்கு, ரொம்பச் சாதாரணமாகத்தான் இருந்தது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அம்மா. அந்தக் குணம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ரேஷன் கடைக்குப் போயிருந்த ஈஸ்வரி திரும்பி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் கம்ப்யூட்டர் ஒருநாளும் தொடாத அளவுக்கு இறங்கியது.

அன்றைக்கும் அவர்தான் ஜெயித்தார்.