அஞ்சாவது போர்டு

— இது எத்தனாவது மாமா?

— எது கனகா?

— ஒரு மணி நேரமா போன்ல ஒரு பச்சை அட்டையைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுறீங்களே... அது.

— அட்டையா? இது கம்ப்யூட்டர்டி. உள்ளங்கை அகலந்தான், ஆனா முழு லினக்ஸும் ஓடும். இதுல டிரைவர் எழுதிப் பழகுனாத்தான் அந்தக் கம்பெனி வேலை கிடைக்கும்.

— லாரி டிரைவரா?

— சென்சாரை மாட்டுனா கம்ப்யூட்டருக்கு அது என்னன்னு தெரியணும்ல? அதுக்கு எழுதுற புரோகிராம். உனக்குப் புரியாது, விடு.

— சரி, புரியாது. எத்தனாவதுன்னு கேட்டேன்.

— ...அஞ்சாவது.

— ஆத்தாடி! டிராயர்ல கிடக்கிற நாலும் என்ன பாவம் பண்ணுச்சு?

— மொதல்ல வாங்குனது சூடாகுது. ரெண்டாவதுல மெமரி பத்தாது. மூணாவதுல வைஃபை சரியில்ல.

— நாலாவது?

— அது சும்மா விலை மலிவா இருக்கேன்னு வாங்குனது. கம்பெனி பேரு வாயில நுழையாது. அதைக் காணோம் வேற... நீ பாத்தியா?

— எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

— போர்டை எலி திங்குமா?

— நாலு போர்டு வாங்கி, நாலுலயும் ஒத்தை லைட்டை மினுக்கிப் பாத்துட்டு மூடி வச்சிருக்கீங்க. பாக்கப் பொறுக்காம தின்னுருக்கும்.

— நக்கலு! இந்தத் தடவை நல்லா விசாரிச்சு வாங்கப் போறேன். மூணு இருக்கு பாரு. ராஸ்பெர்ரி, ஆரஞ்சு, பனானா...

— யானைக்கல் பழக்கடையில விசாரிச்சீங்களா? கொசுறும் குடுப்பாங்க.

— பேரு அப்பிடி. ராஸ்பெர்ரின்னா சந்தேகம் கேக்க ஊரு பூராம் ஆளு இருக்கு, ஆனா விலை இடிக்குது. ஆரஞ்சுல அதே காசுக்கு மெமரி கூட. பனானாவுல ரெண்டு கேமரா மாட்டலாம்.

— கேமரா எதுக்கு?

— மாட்டலாம்ல?

— அது சரி... லினக்ஸுக்கு உசுரே கெர்னல்தானே, அது புதுசு வந்தா அதுல இது ஓடுமா? இல்ல, விக்கிறவன் குடுத்த பழைய கெர்னலைக் கட்டிக்கிட்டே அழணுமா?

— ...என்ன கேட்ட?

— சும்மா கேட்டேன்.

— இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

— நீங்கதான். தூக்கத்துல உளர்றீங்க.

— நானா...? இருக்கும், இருக்கும்.

— அந்த வேலைக்கு எழுதிப் போடக் கடைசி நாளு என்னைக்கு மாமா?

— சனிக்கிழமை.

— இன்னைக்கு வியாழன்.

— அட, ரெண்டு எடம் போட்டிருக்கான் கனகா! மதுரையில இதெல்லாம் எழுதத் தெரிஞ்சவன் எத்தனை பேரு? கம்பெனியும் இந்தா, கோச்சடையில இருக்கு, வீட்டுல இருந்து நடந்தே போயிரலாம். எட்டு வருசமா காலேஜு லேப்ல மவுஸுக்குத் தூசி தட்டுறேன். என்கூடப் படிச்சவன் பாடம் எடுக்கிறான், நான் பிரிண்டர்ல சிக்குன பேப்பரை உருவுறேன்.

— அது வருத்தந்தான் மாமா. இல்லேங்கல.

— ம்...

— என்ன போர்டுல செய்யணும்னு சொல்லியிருக்காங்க?

— எந்த போர்டுன்னாலும் சரியாம். ஒரு சென்சாரை மாட்டி, டிரைவர் எழுதி, கோடிங்கை அனுப்பணும். அம்புட்டுத்தான்.

— எந்த போர்டுன்னாலும்.

— ஆமா.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

— ஏய்!

— பொதுவாச் சொன்னேன். எதை ஆர்டர் போடப் போறீங்க?

— இன்னும் முடிவு பண்ணல. ரெண்டு வீடியோ பாக்கணும்.

— அப்ப எதிர்வீட்டு அப்சானா அக்கா காலையில குடுத்துட்டுப் போன பார்சல் யாரோடது?

— பார்சலா? எந்தப் பார்சலு?

— மாமா?

— அந்தக்காட்ட, சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருந்தனே!

— அப்ப ஆர்டர் போட்டாச்சு. இந்த ஒரு மணி நேர ஆராய்ச்சி எதுக்கு?

— போட்டது சரிதானான்னு பாத்தேன். பாத்தா... அதைவிட நல்லது ஒண்ணு வந்திருக்கு.

— உங்களை வச்சுக்கிட்டு அழுகுறதா சிரிக்கிறதா?

— தோசையை ஊத்து மொதல்ல. பசிக்குது... ஆமா, கத்திரி வெயில்ல மாவு பொங்கி மேடை பூராம் வழியுமே. இந்த வருசம் ஒரு நாளும் வழியலையே?

— மிக்சிக்குப் பின்னால பாருங்க.

— என்ன இது, வயரு... ஏய், இது என் நாலாவது போர்டு!

— எலி நாந்தான்.

— மாவுச்சட்டியில என்னத்த ஒட்டி வச்சிருக்க?

— சூடு பாக்குற சென்சார். சூடு ஏறுனா போனுக்குச் சேதி வரும். எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சிருவேன்.

— இதுக்கு... டிரைவர் யாரு எழுதுனது?

— நாந்தான். நீங்க வீடியோ பாத்த நேரத்துலதான். அஞ்சு மாசமாச்சு. மொத மாசம் போர்டு உசுரே பிடிக்கல, உக்காந்து அழுதிருக்கேன்.

— நீயா?

— நானும் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸுதான் மாமா. கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பின்னால கொட்டை எழுத்துல போடச் சொன்னதே நீங்கதான்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— ரெண்டு தடவை சொல்ல வந்தேன். "உனக்குப் புரியாது, விடு"ன்னீங்க. விட்டுட்டேன்.

— நான் அப்பிடியா சொன்னேன்?

— தோசை ஆறுது. சாப்பிடுங்க.

— சரி... நடந்தது நடந்துபோச்சு. ஒருவகையில நல்லதுதான். அந்தக் கோடிங்கை எனக்கு அனுப்பிவிடு.

— எதுக்கு?

— பேரை மட்டும் மாத்தி நாளைக்கே போட்டு விட்டுர்றேன். புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்கு? ரெண்டு எடம் இருக்கு, ஒண்ணு நமக்குத்தான்!

— ஒண்ணு நமக்குத்தான் மாமா. அந்தக் கோடிங்கை அவங்க போன வாரமே பாத்துட்டாங்க, திங்கக்கிழமை என்னைய வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இன்னும் ஒரு எடம் இருக்கு... பார்சலைப் பிரிங்க.