வெள்ளைத் துணியில் ஒரு துளி

தலைவர் அவர்களே, நெஞ்சில் ஸ்டென்ட்டும் பையில் மாத்திரையுமாக வந்திருக்கும் பெரியோர்களே, அந்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் தாய்மார்களே, வணக்கம். ஐந்து நிமிடம் என்றார்கள். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், நான்கில் முடிப்பேன்.

என் கணவர் தையற்காரர். எட்டடிக் கடை. அவர் மெஷினில், அருகில் நான், பொத்தான் தைத்துக்கொண்டு. நாற்பத்தொரு வருடம்!

இதயக் குழாயில் அடைப்பு வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்கக் காலையில் இரண்டு மாத்திரை. தன்னைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அதன்பின் ஊசி குத்தினால் விரலில் இரத்தம் நின்றபாடில்லை. மணப்பெண் ஒருத்தியின் வெள்ளை உடுப்பில், கழுத்துப் பட்டியில், ஒரு துளி விழுந்தது. கண்டவளும் நான். கடிந்தவளும் நான்.

"என்னங்க இது? கறையோட யாருக்குக் குடுப்பீங்க? வெட்டி எறிஞ்சுட்டு வேற பட்டி வைங்க."

"நிக்க மாட்டேங்குதும்மா, உன் நாக்கு மாதிரி."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன்.

ஆறு நாளில் உடுப்பு முடிந்தது. "ஒரு பொட்டுக் கறை இருந்தா காட்டு, பாப்போம்" என்றார். வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். இல்லை. "பரவால்ல" என்றேன். என் பாராட்டு அவ்வளவுதான்.

மறுநாள் காலை மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்துவிட்டதாம். அடக்கம் முடிந்து கடையை ஒதுக்கும்போது, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி டப்பாவைத் திறந்தேன். நான் கையில் கொடுத்த மாத்திரைகள், பன்னிரண்டும், அதற்குள் இருந்தன.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், நிறுத்தியது தெரியாதா என்று. தெரியாதம்மா. கறை நின்றது தெரிந்தது. ஏன் நின்றது என்று கேட்கவில்லை.

துணி பெரிதா, துணைவர் பெரிதா? கறை பெரிதா, கை பெரிதா? அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இன்று ஒலிபெருக்கியில் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் விழுங்கும்வரை எதிரில் நில்லுங்கள். இரத்தம் நிற்கவில்லையா, டாக்டரிடம் ஓடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டை கறையானால் ஆகட்டும்! தலையணை கறையானால் ஆகட்டும்! கறைபடுத்த ஒருவர் வீட்டில் இருக்கட்டும்!

வெட்டி எறியச் சொன்ன அந்தப் பட்டி இதோ, என் கைப்பையில். எத்தனையோ துணி வெளுத்தவள், இதை மட்டும் நனைத்ததில்லை. துளி பழுப்பேறிவிட்டது. இன்னொரு துளி விழாதா என்று தினமும் பார்க்கிறேன்.

நேரம் தந்த தலைவருக்கு நன்றி. நேரத்தோடு வீடு போய்ச் சேருங்கள், மாத்திரை வேளை ஆகிறது. வணக்கம்.